எண்ணெயில் முகம் பார்த்த சட்டி

என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இந்த வயதில் ஓர் இடத்தில் உட்கார வேண்டுமாம். மருமகள் சொல்கிறாள், டாக்டர் சொல்கிறார், டீவியில் யோகா சொல்லித்தருகிறவரும் சொல்கிறார். எனக்கு உட்கார வராது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலுக்கு ஏன் வந்தோம் என்று மறந்துபோய் மாடிக்கு ஏறுவேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். இந்தப் பரபரப்பு எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு எப்போது வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் குளிர்காலத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மைசூர் ராஜ்யம் என்று எழுதியிருந்த பலகைகளை அழித்துவிட்டுக் கர்நாடகம் என்று எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். ஊர் மைசூராகவே இருக்கும்போது ராஜ்யத்துக்கு மட்டும் எதற்குப் புதுப்பெயர் என்று கேட்டு, மிட்டாயோடு ஒரு குட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. வீட்டில் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம். எனக்குக் கன்னடம்தான் வாயில் லேசாக வரும். அம்மாவுக்குத் தெரிந்த கன்னடம் ‘பேக்கு’, ‘பேடா’, ‘எஷ்டு’ - வேணும், வேணாம், எவ்வளவு. அதை வைத்துக்கொண்டே மார்க்கெட்டை ஒரு கலக்குக் கலக்கிவிட்டு வருவாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மேஷ்ட்ரு இருந்தார், ரிடையரான கன்னட வாத்தியார். அவர் வீட்டுப் பின்கட்டில் லாமாக்கள் குடியிருந்தார்கள். பைலகுப்பேயில் திபெத்துக்காரர்கள் காட்டைத் திருத்திக் குடியேறியிருந்தார்கள் அல்லவா, அங்கிருந்து நெஞ்சு நோய்க்கு வைத்தியம் பார்க்க மைசூருக்கு வருகிறவர்கள் அந்தப் பின்கட்டில்தான் தங்குவார்கள். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். அவர்களுக்குச் சமைத்துப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு பெரிய லாமாவும் ஒரு சின்ன லாமாவும் எப்போதும் இருந்தார்கள். பெரியவருக்கு முகமெல்லாம் சுருக்கம், பேச்சே கிடையாது. சின்னவருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. தெருப் பையன்கள் அவர்களைப் பார்த்து ‘சீனா, சீனா’ என்று கத்துவார்கள். சீனாக்காரன் துரத்தித்தான் இவர்கள் இங்கே வந்தார்கள் என்று மேஷ்ட்ரு தொண்டை வறளச் சொல்லியும் ஒருவன் காதிலும் ஏறவில்லை.

மேஷ்ட்ருதான் தெருவுக்கெல்லாம் சொல்லிவைத்தார். நோயாளிகளுக்குச் சாப்பாடு வேண்டும், அவரவரால் முடிந்ததைக் கொடுங்கள் என்று. மத்தியான வேளையில் சின்ன லாமா கருஞ்சிவப்பு அங்கியோடு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வருவார். பால்காரம்மா மீந்த பாலை ஊற்றுவாள். ஒரு வீட்டில் ராகி மாவு, ஒரு வீட்டில் கீரை, ஒரு வீட்டில் பையனுக்குச் சின்னதாகிவிட்ட சட்டை. நல்லதும் கொடுத்தார்கள், வண்டு வைத்த பருப்பையும் கொடுத்தார்கள். நாம் கொடுப்பதில் பாதி நமக்கு வேண்டாததுதானே. பொய் சொல்லாதீர்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

ஆனால் அந்தச் சின்ன லாமா எதைக் கொடுத்தாலும் ஒன்று செய்வார். இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே உயர்த்தி, மொட்டைத் தலையின் உச்சியில் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் பைக்குள் போடுவார். வெண்டைக்காயையும் அப்படித்தான் தொட்டார், வண்டுப் பருப்பையும் அப்படித்தான் தொட்டார். அவர்கள் பழக்கம் அது. எங்களுக்குச் சிரிப்பாக வரும். நானும் தங்கையும் சாப்பாட்டுத் தட்டைத் தலையில் தொட்டு விளையாடி அம்மாவிடம் அடி வாங்கினோம்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் அப்பாவின் ஒரு கண்ணில் இரும்புத்தூள் பறந்து விழுந்தது. சாணைக்கல்லில் எதையோ தேய்க்கும்போது நடந்ததாம். கண்ணைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தூளை எடுத்தாயிற்று, பார்வை வருமா வராதா என்று கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஒரு கண் போனால் ஃபிட்டர் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் வீடும் போகும். அது எனக்கே தெரிந்தது. அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு, தைரியமாக இருக்கிற ஒருவர் மாதிரி, வாயாலேயே சினிமாப் பாட்டுக்கு மேளம் தட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா நஞ்சன்கூட்டு ஜோசியரிடம் போய்வந்தாள். அப்பாவுக்குச் சனி நடக்கிறதாம். புது இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் நிரப்பி, அதில் அப்பா தன் முகத்தைப் பார்த்துவிட்டு, எள்ளும் கறுப்புத் துணியுமாக அதை யாருக்காவது தானம் கொடுத்துவிட வேண்டும். முகம் எண்ணெயில் விழும்போது பீடையும் விழுந்துவிடும். யார் வாங்குகிறார்களோ அவர்களோடு போய்விடும்.

உங்களில் தெரியாதவர் இருந்தால் சொல்கிறேன், இதில் கொடுப்பது சுலபம். வாங்க ஆள் வேண்டுமே, அதுதான் கஷ்டம். கோவில் குருக்கள் அம்மா முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே இரண்டு கையையும் ஆட்டினார்.

“அர்ச்சனை பண்ணச் சொல்லு, பண்றேன். இதை மட்டும் கேக்காதேம்மா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

வாங்குகிறவர்கள் என்று சிலர் உண்டாம், அவர்களில் ஒருவர் மண்டியாவுக்குப் போய்விட்டார், இன்னொருவர் செத்தே போய்விட்டார். புதுச் சட்டி சமையலறை மூலையில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கட்டுப் பிரிக்கிற நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சின்ன லாமா எங்கள் வாசலில் நின்றார். அம்மா அவரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று காரியம் நடந்தது. சட்டி நிறைய எண்ணெயை ஊற்றிக்கொண்டு அப்பாவின் கட்டிலுக்கு ஓடினாள். அப்பா கட்டுப்போட்ட முகத்தோடு அதற்கு மேல் குனிந்து பார்த்தார். ஜோசியத்தையெல்லாம் கிண்டல் செய்கிற யூனியன்காரர் அவர். அன்று ரொம்ப நேரம் பார்த்தார்.

அம்மா சட்டியை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கறுப்புத் துணியில் முடிந்த எள்ளை நான் கொண்டுவந்தேன். சின்ன லாமா இவ்வளவு பெரிய பொருளை எதிர்பார்க்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் வாங்கினார். அம்மா ‘அய்யோ’ என்று கை நீட்டுவதற்குள் அவ்வளவு எண்ணெயோடும் சட்டியைத் தூக்கி உச்சந்தலையில் தொட்டுவிட்டார். எண்ணெய் தளும்பி நெற்றியில் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இன்னும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“சனிக்கு அவங்க ஊரு தெரியாது. திபெத்துல எங்க போய்த் தேடுவாரு?” என்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

கட்டுப் பிரித்தார்கள். பார்வை இருந்தது! வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். அம்மா பாயசம் வைத்தாள். லாமாவுக்கும் கொடுக்க ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது மேஷ்ட்ரு வீட்டு வாசலில் ஒரு டாங்கா நின்றது. பெரிய லாமா சின்னவரைத் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சின்னவர் வாயைத் துணியால் பொத்தியிருந்தார், துணி நனைந்து சிவப்பாக இருந்தது. குதிரை நகர மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. டாங்காக்காரர் அதைக் கெஞ்சினார். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரோடு அரிசியையும் கொட்டிவிட்டாள்.

“நான் அந்தப் புள்ள தலையில கட்டிட்டேன்டி” என்றாள்.

தலையில் கட்டுவது என்று எத்தனையோ தடவை சொல்கிறோம், அழுகின தக்காளியைத் தலையில் கட்டிவிட்டான், கிழிந்த நோட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று. வாங்கினவர் நிஜமாகவே தலையில் தொட்டு வாங்கியதை அம்மா கண்ணால் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. கூட்டிய வீட்டையே கூட்டினாள். ஈரம் காயாத துணியை எடுத்து மடித்தாள், திரும்பவும் உதறிப் போட்டாள். சோற்றை நின்றுகொண்டே தின்றாள். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பாவை நிறுத்தி, “இது எத்தனை?” என்று விரலைக் காட்டுவாள். அவர் சரியாகச் சொன்னதும் நிம்மதி வரவேண்டும் அல்லவா? வராது. அவர் கண் தெரிந்தால் அந்தப் பிள்ளையின் நெஞ்சு போகிறது என்று அவளுக்குக் கணக்கு.

இப்போது நமக்குத் தெரியும். சின்ன லாமா ராப்பகலாக இருமுகிறவர்களோடு ஒரே அறையில் இருந்தார், அவர்கள் கிண்ணத்தைக் கழுவினார், அவர்களுக்குப் பாலைக் கொடுத்துவிட்டுத் தான் கஞ்சித் தண்ணீர் குடித்தார் என்று மேஷ்ட்ருவே பின்னால் சொன்னார். சட்டி வருவதற்கு வெகுநாள் முன்பே வியாதி உள்ளே இருந்திருக்கும். இதை அன்றைக்கு அம்மாவிடம் யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஒருநாள் காலை அப்பா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்:

“சட்டிய திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்.”

“கொடுத்தது கொடுத்ததுதான். ஆய்த்து, பிட்டுபிடு.” ஒர்க்‌ஷாப் கன்னடம் அவருக்கு இடையிடையே வரும். ஆச்சு, விட்டுடு என்கிறார்.

“அந்தப் புள்ள ரத்தமா கக்குதே.”

“அது டி.பி. வியாதிடி. சட்டியால வர்ற சமாச்சாரமா அது? படிச்ச பொண்ணு மாதிரி பேசு.”

“சட்டியால வரலேன்னா, திருப்பி வாங்குறதுல உங்களுக்கு என்ன?”

அப்பா கடைசிப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டார், அவிழ்த்தார்.

“என் கண்ணு போனா பரவால்லையா உனக்கு?” என்றார்.

அப்பா பயந்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய ஆளைப் பார்த்துப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். “பள்ளிக்கூடம் போகவேணாம். நீ வந்து கன்னடம் பேசு.”

பின்கட்டில் புகையும் கம்பளியும் ஃபினாயிலும் கலந்த வாடை. சுவரோரமாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு யார் யாரோ படுத்திருந்தார்கள். பெரிய லாமா மூன்று செங்கல் அடுப்பின் முன் உட்கார்ந்து கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் இருந்தது எங்கள் சட்டி. அவருக்குக் கன்னடம் தெரியாது. நல்லவேளையாக ஸ்வெட்டர்க்கார அம்மா இருந்தாள். தொட்ட கடியாரம் என்கிற மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கிற திபெத்துக்காரி, வியாபாரத்துக்கு வேண்டிய கன்னடம் பேசுவாள். அம்மா என்னிடம், நான் அவளிடம், அவள் பெரிய லாமாவிடம் என்று பேச்சு போகவேண்டும்.

“கேளுடி. அந்தச் சட்டியில எங்க வீட்டுச் சனிய வெச்சுக் குடுத்துட்டேன்னு சொல்லு. தெரிஞ்சேதான் குடுத்தேன்னு சொல்லு.”

நான் சொன்னேன். ஸ்வெட்டர்க்கார அம்மா பின்னல் ஊசியை நிறுத்தாமல், “ஷனிவாரா?” என்றாள். சனிக்கிழமையா என்று கேட்கிறாள்! வாரத்தில் ஒரு நாள் என்பதற்கு மேல் சனியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் திணறினேன். பீடை, தோஷம், எதுவும் என் பள்ளிக்கூடக் கன்னடத்தில் இல்லை. கடைசியில், “நம் கஷ்டன எல்லா பாணலேல் ஹாக்கி கொட்டுபிட்வி” என்றேன். எங்கள் கஷ்டத்தையெல்லாம் வாணலியில் போட்டுக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

“அதான் அந்தப் புள்ளைக்கு இப்படி ஆச்சு. திருப்பிக் குடுத்துடச் சொல்லு. எங்களுக்கு வந்தது எங்களோடயே இருக்கட்டும்.” அம்மா சட்டியைக் கையால் காட்டினாள். எங்களுக்கு வந்தது என்றால் அப்பாவின் கண் என்று எனக்குப் புரிந்தது. அதையும் சொன்னேன்.

ஸ்வெட்டர்க்கார அம்மா ஊசியை மடியில் வைத்துவிட்டு அவர்கள் பாஷையில் நீளமாக என்னவோ சொன்னாள். பெரிய லாமா கரண்டியை நிறுத்தினார். சட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் சட்டியைப் பார்த்தார். பிறகு சின்னதாக ஏதோ கேட்டார்.

“இன்னூ இதெயா?” என்றாள் ஸ்வெட்டர்க்கார அம்மா.

“இன்னும் இருக்கான்னு கேக்கறார்மா.”

பெரிய லாமா இரண்டு கைகளையும் அம்மாவின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொள்வதற்கு நீட்டுகிற கைகள். அம்மா அவற்றையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அழுதாள், படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது.

அழுது முடிக்கும்வரை பெரிய லாமா கஞ்சியைக் கிண்டினார். பிறகு ஒரு மரக்கிண்ணத்தில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மாவும் கீரையுமாக இருந்த அந்தக் கஞ்சி எங்கள் சட்டியில் வெந்தது, சனி உட்கார்ந்த சட்டியில். அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

சட்டியை வாங்காமலே திரும்பினோம். சாயங்காலம் யாரோ சொல்லி அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வந்ததும் சமையலறை மூலையைத்தான் பார்த்தார். மூலை காலியாக இருந்தது. அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள், விரலைக் காட்டவில்லை.

மறுநாள் அம்மா ஒரு தூக்கு நிறைய நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு லாமாக்கள் வீட்டுக்குப் போனாள். யாரும் அதில் முகம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அடிக்கடி கொண்டுபோனாள். நோயாளிகளின் நெஞ்சில் சூடுபண்ணித் தேய்க்கிறார்களாம். பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறத் தொடங்கியபோது சின்ன லாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், அங்கி தோளில் நிற்காமல் நழுவியது. அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். அவர் தலையில் தொடப்போகும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதே வருஷம் மேஷ்ட்ரு தன் மகனோடு இருக்கப் போய்விட்டார், லாமாக்களும் பைலகுப்பேக்கே போனார்கள். பஸ் மேல் ஏற்றிய மூட்டையில் சட்டி கவிழ்த்துக் கட்டியிருந்தது. அடி முழுக்கக் கரி பிடித்திருந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அந்தச் சட்டியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அப்பா கடைசிவரை கண்ணாடியில்லாமல் பேப்பர் படித்தார். அம்மா கடைசிவரை சரியாக உட்காரவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது வந்து கஷ்டத்தைச் சொன்னால், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு எதிரே உட்காருவாள். முழுக்கக் கேட்பாள். கேட்டுவிட்டு, “இன்னும் இருக்கா?” என்பாள். அறிவுரை ஒன்றும் கிடையாது. பால்காரம்மாவுக்கு அதுதான், தங்கையின் மாமியாருக்கும் அதுதான்.

என் இரண்டாவது குழந்தை தங்காமல் போனபோது என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நான் யாரோடும் பேசவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது, அதையும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அம்மா வந்து பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னவோ கொஞ்சம் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

“இன்னும் இருக்கா?” என்றாள்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை வருஷமாக மனசுக்குள் இருந்த சந்தேகத்தைத் தூக்கி அவள் மேல் எறிந்தேன்.

“அம்மா, அந்தக் கிழவர் உன் கஷ்டத்தையா கேட்டார்? எண்ணெய் இன்னும் இருக்கான்னு கேட்டிருப்பார். இன்னூ இதெயான்னா எதைன்னு யாருக்குத் தெரியும்? நடுவுல நின்னு பேசினவ நான். எனக்கே தெரியாது.”

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

“எண்ணெயத்தான்டி கேட்டாரு. எனக்கு அப்பவே தெரியும். அவரு கண்ணு சட்டியிலதானே இருந்துச்சு? அதான் மறுநாளே கொண்டுபோய்க் குடுத்தேன்.”

“அப்புறம் எதுக்கு அப்படி அழுதே?”

“அந்த எண்ணெய் எப்படிப்பட்ட எண்ணெய்னு சொன்னப்புறமும் இன்னும் இருந்தா குடுன்னு ஒருத்தர் கைய நீட்டினா, அழாம வேற என்னடி பண்றது?”

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள். மாவு பிசைந்துவிட்டு வந்த கைகள், விரலிடுக்கில் இன்னும் காயாத மாவு.

“சொல்லு. இன்னும் இருக்கா?”

இருந்தது. சொன்னேன்.